பெயர் விடுபடாமல்: கள்ளக்குறிச்சி முன்னாள் படைவீரர்களின் ஓராண்டு

ஜனவரி 14 இந்தியாவில் முன்னாள் படைவீரர் நாள். சுதந்திர இந்தியாவின் தரைப்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் கே.எம். கரியப்பா 1953ஆம் ஆண்டு அந்தத் தேதியில் ஓய்வு பெற்றார். அவர் நினைவாக அந்த நாளை நாடெங்கும் கொண்டாடுகிறார்கள். கள்ளக்குறிச்சியில் அது போகியாகவோ பொங்கலாகவோ அமைந்துவிடும். சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் ஓய்வுபெற்ற ஹவில்தார்கள் அன்று வீட்டுக்கு வெள்ளையடிப்பதிலும் மாட்டுக்குப் புதுக்கயிறு வாங்குவதிலும் இருப்பார்கள். இந்தப் பகுதி முன்னாள் படைவீரர்களின் ஆண்டு டெல்லி நாட்காட்டியின்படி ஓடுவதில்லை. அது நவம்பரில் தொடங்குகிறது.

நவம்பர் உயிர்ச்சான்று மாதம். ஓய்வூதியம் வாங்கும் ஒவ்வொருவரும் தாம் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கொரு முறை அரசுக்குக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் வங்கிக் கிளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று வந்தது. 2021 முதல் ‘ஸ்பர்ஷ்’ என்ற இணையவழி முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்ததும், படைத்துறை ஓய்வூதியம் வங்கிகளின் கையைவிட்டுப் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகத்தின் கைக்குப் போனது. ஆதார், கைரேகை, முகப்பதிவு, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. என்று அது கேட்பவை எதுவும் எழுபது வயது நாயக்குக்கோ எண்பது வயது கைம்பெண்ணுக்கோ எளிதல்ல. காட்டிலும் கழனியிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களை இயந்திரம் பலமுறை ஏற்க மறுக்கிறது. அடுத்த மாதங்களில் பென்ஷன் வராதபோதுதான் வீட்டில் பதற்றம் தொடங்கும். அப்போது அவர்கள் தேடிப்போவது ஊரில் ‘மிலிட்டரிக்காரர்’ என்று எல்லோரும் அறிந்த ஒருவரை. அவர் ஓய்வுபெற்ற சுபேதாராகவோ, அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஹவில்தாராகவோ இருப்பார். ஆங்கிலத்தில் மனு எழுதுவார், இந்தியில் போனில் பேசுவார், எந்தத் தாளை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சங்கம் பதிவு செய்யப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், நடைமுறையில் சங்கம் என்பது அவர்தான்.

முன்னாள் படைவீரர் சங்கங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகள் ஒரே மாதிரி இருக்கும். ஜூலை 26 கார்கில் வெற்றி நாளில் மலர்வளையம், ஆகஸ்ட் 15இல் கொடியேற்றம், டிசம்பர் 16இல் 1971 போரின் நினைவு. இவை தேவைதான். ஆனால் ஒரு சங்கம் ஆண்டு முழுவதும் என்ன செய்தது என்று அளக்க இந்தப் படங்கள் போதா. படைவீரரின் பெயர், அவர் மனைவியின் பெயர், பிள்ளைகளின் பெயர் ஆகியவை அரசின் ஏட்டில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, ஏறாதவற்றை ஏற்றிவைப்பதுதான் சங்கத்தின் தலையாய பணி என்பது என் முடிவு. கள்ளக்குறிச்சி சமவெளியில் இந்தப் பணி தனிமனிதர்களின் நல்ல மனத்தால் ஓரளவு நடக்கிறது. கல்வராயன் மலையில் இதற்கான தேவை பல மடங்கு அதிகம்.

இந்தப் பணி எப்படிப்பட்டது என்பதை விரித்துச் சொல்ல வேண்டும். படையில் இருக்கும் ஒருவருக்குத் திருமணம் நடந்தால், குழந்தை பிறந்தால், அந்தச் செய்தி ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற ஆணையாக வெளியாகி அவருடைய ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸில் பதிவாக வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது வெலிங்டனில், மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரில். ஓய்வு பெறும்போது கையில் வரும் டிஸ்சார்ஜ் புக்கிலும், பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையிலும் அந்தப் பெயர்களே இடம்பெறும். கணவர் இறந்ததும் குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரும் பெண்ணின் கையில் இருப்பது ஆதார் அட்டை. டிஸ்சார்ஜ் புக்கில் ‘லட்சுமி’, ஆதாரில் ‘லெட்சுமி’. ஒன்றில் தந்தை பெயர் முன்னெழுத்தாக, இன்னொன்றில் கணவர் பெயர். பிறந்த தேதி மூன்று இடங்களில் மூன்று விதம். முதல் மனைவி இறந்தபின் நடந்த இரண்டாம் திருமணம் எங்குமே பதிவாகாமல் போயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பிரமாணப் பத்திரம், வட்டாட்சியரின் சான்று, ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம், அங்கிருந்து பதில், பதிலுக்குப் பதில். இதற்கிடையே மாதங்கள் ஓடிவிடும். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கணவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 விழுக்காடு. வேறு வருமானமில்லாத வீட்டில் அந்தப் பணம் ஆறு மாதம் நின்றால் வட்டிக்கடன் உள்ளே வந்துவிடும்.

பெயரைப் பதிப்பதில் இந்த நிலப்பகுதிக்கு நீண்ட மரபு உண்டு. கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் ஆய்ந்து வெளியிட்ட நடுகற்கள், ஆநிரை காத்தும் கவர்ந்தும் இறந்த சாதாரண வீரர்களின் பெயர்களைச் சொல்கின்றன. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான் என்பதெல்லாம் கல்லில் இருக்கும். எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயின் பெயர் கோவிவன் என்பதையும் அது பதிந்து வைத்திருக்கிறது. ஏறக்குறைய 1,300 ஆண்டுகள் கழித்து, முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசு இந்தப் பக்கத்து ஊர்களில் வேறொரு வகைக் கல்லைப் பதித்தது. வேலூர் மணிக்கூண்டில் இருக்கும் பலகை, அவ்வூரிலிருந்து 277 பேர் போருக்குச் சென்றதையும் அவர்களில் 14 பேர் உயிர்விட்டதையும் சொல்கிறது. அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. பல்லவர் கல் நாயின் பெயரைக் காத்தது, பேரரசின் கல் மனிதரை எண்ணிக்கையாக்கி நிறுத்திவிட்டது.

அந்தப் போருக்குப் பிறகு ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கையின் பேரால் மதராஸ் காலாட்படைப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1928க்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தபின்தான் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தமிழருக்குத் திறந்திருந்த முக்கிய வாசல் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை. இத்தாலியில் 1944 பிப்ரவரியில் கண்ணிவெடிமேல் விழுந்து சகவீரர்களைக் காத்து, ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் அந்தப் படையைச் சேர்ந்தவர்தான்.

போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் ஊர்தோறும் கூடிக்கொள்வது உலக வழக்கம். அமெரிக்கன் லீஜன் 1919இல் பாரிஸில் தொடங்கியது. அதன் ஊர்க்கிளைக்குப் ‘போஸ்ட்’ என்று பெயர். சொந்தக் கூடம், சமையலறை, கொடிமரம் என்று பல சிற்றூர்களில் அது ஊரின் பொதுமண்டபமாகவே நிற்கிறது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களைக் கல்லூரிக்கு அனுப்பிய 1944ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்வரைவு எழுதியதும் லீஜன்தான். பிரிட்டிஷ் லீஜன் 1921இல் உருவானது. இந்தியாவில் கரியப்பாவின் முயற்சியால் 1964இல் இந்திய முன்னாள் படையினர் லீக் தோன்றியது. ஆனால் நம் நாட்டில் இந்தப் பணியின் பெரும்பகுதி அரசிடமே இருக்கிறது. டெல்லியில் மத்தியப் படைவீரர் வாரியம், மாநிலத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறை, மாவட்டத்தில் உதவி இயக்குநர் அலுவலகம் என்று அது இறங்கி வருகிறது. அலுவலகம் அரசுடையது, அங்கே போக வழிகாட்டுவது சங்கம். இந்த ஏற்பாட்டில் சங்கத்துக்குக் கட்டடம் இல்லாமல் போனது பெரிய குறையல்ல. வழிகாட்டும் ஆள் இல்லாமல் போவதுதான் குறை.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26இல் தமிழ்நாட்டின் 34ஆவது மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வந்தது, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறப்பு விழாக் கண்டது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மட்டும் மாவட்டம் பிரிந்த பிறகும் இங்குள்ளவர்கள் 70 கி.மீ.க்கு மேல் பயணம் செய்து விழுப்புரத்துக்கே போய்வந்தார்கள். சின்னசேலத்துக்காரருக்கு அது ஒரு பகல் வேலை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு மேலே ஒரு குக்கிராமத்தில் இருப்பவருக்கு இரண்டு நாள்.

டிசம்பர் 7 கொடிநாள். 1949இல் பாதுகாப்பு அமைச்சர் பல்தேவ் சிங் காலத்தில் தொடங்கியது. ஆட்சியர் உண்டியலில் முதல் காசைப் போட்டுத் தொடங்கிவைப்பார், துறைதோறும் வசூல் இலக்கு போகும், படைவீரர் குடும்பங்களுக்குத் தேநீர் விருந்து நடக்கும். பள்ளியிலும் அலுவலகத்திலும் சட்டையில் கொடி குத்திக்கொள்ளும் பலருக்கு அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரியாது. ஒரு செலவை மட்டும் சொல்கிறேன். ஜவான்களுக்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும். அதை முடிக்காமல் வெளியே வந்து முதுமையை அடைந்தவர்கள் உண்டு. ஹவில்தாரும் அதற்குக் கீழ்ப்பட்ட நிலையினருமான அத்தகையவர்களுக்கும் அவர்களுடைய கைம்பெண்களுக்கும், 65 வயதைக் கடந்து வறுமையில் இருந்தால், கொடிநாள் நிதியிலிருந்து மாதந்தோறும் உதவித்தொகை தரப்படுகிறது. 4,000 ரூபாயாக இருந்தது 2025 நவம்பர் முதல் 8,000 ஆக உயர்ந்தது. பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தது 2,000 ஆனது. திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமானது. விண்ணப்பித்தால்தான் இவை வரும். விண்ணப்பத்துக்கு டிஸ்சார்ஜ் புக் வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓலைக்கூரை ஒழுகி நனைந்து கிழிந்துபோன டிஸ்சார்ஜ் புக்குக்கு நகல் வாங்குவது எப்படி என்பதை விண்ணப்பப் படிவம் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு சுபேதார் வேண்டும்.

இதற்கு வெளியே சங்கத்தார் ஊருக்குச் செய்யும் வேலைகள் பல. தேர்தலின்போது மாவட்டக் காவல்துறை பாதுகாப்புப் பணிக்கு முன்னாள் படைவீரர்களை அழைக்கும். 2024 மக்களவைத் தேர்தலிலும் அழைத்தது. அதே ஆண்டு நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியதில் திருக்கோவிலூர் பக்கம் வயல்களும் வீடுகளும் மூழ்கின. புதுச்சேரியில் தரைப்படையினர் படகில் வந்து மக்களை மீட்டார்கள். அத்தகைய நாளில் கயிறு கட்டத் தெரிந்த, தண்ணீரில் ஆளை நகர்த்தத் தெரிந்த மனிதர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஏற்கெனவே இருக்கிறார்கள். மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் அவர்களுக்கு ஊர்வாரியாக இடம் தருவதில் அரசுக்குச் செலவு ஒன்றுமில்லை.

இப்போது மலைக்கு வருகிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன், கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் இடையே எழுந்து நிற்கிறது. கச்சிராயபாளையத்திலிருந்து ஏறினால் வெள்ளிமலை, சேலம் பக்கம் கருமந்துறை. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த இந்த மலை, முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது 1976இல். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்திருந்தன. சமவெளியில் மூன்று தலைமுறையாகப் பட்டா, பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று என்று தாள்களோடு பழகிய மக்கள் இருக்கிறார்கள். மலையில் இன்று அறுபதைக் கடந்தவர்களின் பிறந்த தேதி, பள்ளியில் சேர்த்தபோதோ வாக்காளர் பட்டியல் எடுத்தபோதோ யாரோ உத்தேசமாக எழுதியது. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தும் நில உரிமைப் பிரச்சினை தீரவில்லை. படைவீரர் நலம் முழுக்கத் தாளின்மேல் நிற்கும் ஏற்பாடு. தாள் தாமதமாக வந்த மண்ணில் அது எவ்வளவு கடினமாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கைபேசி அலைவரிசை சரியாக எட்டாத ஊர்கள் மலையில் இன்னும் உண்டு. அங்கே ஓ.டி.பி. வாங்க மேடேற வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பிறகு நாடெங்கும் கல்வராயன் என்றால் கள்ளச்சாராய ஊறல் என்ற பேச்சே நிலைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்து, சாலை, மருத்துவம், கல்வி, வேலை பற்றி அரசிடம் கேள்வி எழுப்பியது. கேள்வியின் திசை சரியானது. ஊறலை அழிக்கக் காவல்துறை போதும். ஊறல் போடாமல் பிழைக்க வழி வேண்டுமே! வழியில்லாதபோது மலை இளைஞர்கள் தரகர்கள் காட்டிய பக்கம் போனார்கள். பக்கத்து மலைகளான ஜவ்வாதிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போனவர்கள் 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில் சுடப்பட்டு இறந்த இருபது பேரில் இருந்தார்கள்.

படைச்சேவை மலை இளைஞருக்கு ஒரு வழியாக முடியும். ஏறி இறங்கிப் பழகிய கால்களும் நெஞ்சுரமும் அவர்களிடம் பிறவியிலேயே உண்டு. முன்பு ஆள்சேர்ப்பு முகாமில் முதலில் ஓட்டம், பிறகு எழுத்துத் தேர்வு. 2023இல் அந்த வரிசை தலைகீழானது. இப்போது கணினியில் பொதுத்தேர்வு முதலில், அதில் தேறியவர்களுக்குத்தான் ஓட்டம். மலை இளைஞர் தம் வலிமையைக் காட்டும் முன்பே கணினித் திரையின் முன் வடிகட்டப்படுகிறார். 2025இல் தேர்வைத் தமிழிலும் எழுத வழி வந்தது நல்ல மாற்றம். இன்னொரு சிக்கல், கள்ளக்குறிச்சி பக்கத்து மலை இளைஞருக்குச் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகம், சேலம் பக்கத்தவருக்குக் கோயம்புத்தூர். ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பிறந்த மாமன் மகனும் அத்தை மகனும் வெவ்வேறு அறிவிப்பு, வெவ்வேறு முகாம், வெவ்வேறு தேதி பார்க்க வேண்டும். முன்னாள் படைவீரர்கள் இலவசப் பயிற்சி என்று தொடங்கும்போது பெரும்பாலும் விடியற்காலை ஓட்டமும் தண்டாலும்தான் இருக்கும். மலைக்கு இன்று அதைவிட அவசரம் பத்தாம் வகுப்புக் கணக்கும், கணினியில் தேர்வு எழுதும் பழக்கமும். வெள்ளிமலையில் இருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் கூடத்தில் மாலை நேரத்தில் இதை நடத்த முடியும்.

அப்படிச் சேர்த்துவிட்டால் கதை முடிந்துவிடாது. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தின்படி சேர்பவர்கள் நான்காண்டுகள் பணியாற்றுவார்கள். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை நிலைப்பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் சேவாநிதி என்ற தொகையோடு வீடு திரும்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, படைத்துறை மருத்துவத் திட்டம் இல்லை, கேன்டீன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. முதல் அணியின் நான்காண்டு 2026 இறுதியை ஒட்டி முடிகிறது. அரசின் ஏட்டில் இவர்கள் எந்தப் பக்கத்தில் இருப்பார்கள்? தமிழ்நாட்டு அரசுப் பணியில் முன்னாள் படைவீரருக்கு உள்ள ஒதுக்கீடும், 2024 ஆகஸ்ட் 15இல் முதலமைச்சர் அறிவித்த ‘காக்கும் கரங்கள்’ திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனுக்குக் கிடைக்கும் 30 விழுக்காட்டு மூலதன மானியமும் முன்னாள் படைவீரர் என்ற தகுதியைச் சுற்றியே அமைந்தவை. எல்லையில் நின்றவன் இருபத்தைந்து வயதில் ஊருக்கு வந்து, ‘நீ முன்னாள் படைவீரன் அல்ல’ என்ற பதிலைக் கேட்பது அநீதி. அதைத் திருத்துவது மத்திய அரசின் வேலை. ஆனால் அவனை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள ஊர்ச் சங்கம் யாருடைய அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை.

மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டங்கள் அவ்வப்போது கள்ளக்குறிச்சியில் நடக்கின்றன. ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையாவது வெள்ளிமலையில் நடத்துங்கள். ஸ்பர்ஷ் இணைப்போடு ஒரு கணினி, கைரேகைக் கருவி, வட்டாட்சியர், மனு எழுதத் தெரிந்த நான்கு ஓய்வுபெற்ற எழுத்தர்கள் போதும். அன்று மலையில் உள்ள ஒவ்வொரு படைவீரர், ஒவ்வொரு கைம்பெண், திரும்பிவரும் ஒவ்வொரு அக்னிவீரர் பெயரையும் ஊர்வாரியாக ஒரு பட்டியலில் எழுதி, ஒரு நகலை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் இன்னொன்றைச் சங்கத்திலும் வையுங்கள். அடுத்த நவம்பருக்குள் இதைச் செய்துவிட முடியும்.